ஆர்டர் ஒண்ணு, வாத்தியார் நாலு

"உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது, நன்றி"ன்னு பச்சைக் கலர் டிக்கோட மெயில் வருது. காசும் போயாச்சு. ரெண்டு நாள் கழிச்சு "தவிர்க்க முடியாத காரணங்களால் ரத்து"ன்னு இன்னொரு மெயில். அது என்னங்க தவிர்க்க முடியாத காரணம்? புயலா, பூகம்பமா? பல சமயம் ஒரு மண்ணும் இல்லை மக்களே. வெப்சைட் சரின்னு சொன்னதை உள்ள உக்காந்திருக்குற பில்லிங் சாஃப்ட்வேர் தப்புன்னு சொல்லியிருக்கும். அவ்ளோதான்.

பொட்டி தட்டுற பொழப்புல இந்தக் கூத்தை உள்ளேருந்து பாக்குறவன் நான். ஒரு ஆர்டர் வெப்சைட்டுல கிளம்பி, ஈஆர்பிக்குப் போய், அங்கேருந்து குடோனுக்கு, அப்புறம் கூரியருக்குப் போகுது. நாலையும் நாலு டீம் நாலு வருஷத்துல எழுதியிருக்கும். ஒரே விடைத்தாளை நாலு வாத்தியார் திருத்துறாங்க, ஆளாளுக்குத் தனித்தனி விடைக்குறிப்பு. பையன் எப்படி பாஸ் பண்ணுவான்?

போன் நம்பரையே எடுத்துக்குங்க. வெப்சைட் +91 சேத்து 13 எழுத்தா வாங்கிக்குது. ஈஆர்பியில 10 எழுத்துக்குத்தான் இடம். பழைய மைஎஸ்கியூஎல்லா இருந்தா சத்தமே இல்லாம வாலை வெட்டிட்டு "சேமிச்சாச்சு"ன்னு சொல்லும். 2015ல வந்த 5.7லதான், இப்படி வெட்டாம பிழைன்னு கத்துற கண்டிப்பு தானாவே அமலுக்கு வந்துச்சு. கூரியர் தம்பி கைக்கு வர்றது +91ம் ஏழு எண்ணும். அவர் யாரைக் கூப்பிடுவார்? "வாடிக்கையாளரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை"ன்னு பார்சல் திரும்பிப் போகுது. பழி உங்க மேல.

இதை விடக் கொடுமை பின்கோடு. புதுச்சேரி 605001, விழுப்புரம் 605602. மொதல் மூணு எண் ஒண்ணுதான், ஆனா ஒண்ணு யூனியன் பிரதேசம், இன்னொண்ணு தமிழ்நாடு. காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464. இது மூணும் புதுச்சேரியைச் சேந்ததுதான். 1972ல பின்கோடு வந்தது தபாலைப் பிரிக்க, வரியைப் பிரிக்க இல்லை. ஆனா 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்புறம் எந்த மாநிலம்ங்கறதுதான் வரியையே தீர்மானிக்குது. சென்னைக் கடை விழுப்புரத்துக்கு வித்தா சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும், புதுச்சேரிக்கு வித்தா ஐஜிஎஸ்டி. வெப்சைட்டு நீங்க தேர்ந்தெடுத்த மாநிலத்தை நம்புது. பில்லிங்கோ 605ஐப் பாத்ததும் புதுச்சேரின்னு முடிவு கட்டிருது. விழுப்புரத்துக்காரர் எல்லாத்தையும் சரியாத்தான் எழுதினார். ஆர்டர் மட்டும் "மாநிலம் பொருந்தவில்லை"ன்னு தொங்குது.

இதுக்கு மீட்டிங் போட்டா என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க? "எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு", "இது எங்க ஸ்கோப் இல்லை". நாலு பேரும் சொல்றது உண்மைதான், அதுதான் வேதனையே. கடைசியில ஒரு எக்ஸெல் ஷீட் பொறக்கும். தினமும் காலையில யாரோ ஒரு ஜூனியர் பையன் மாட்டிக்கிட்ட ஆர்டரையெல்லாம் கையால திருத்துவான். முடியலைன்னா ரத்து.

"ஒவ்வொரு சிஸ்டமும் தன்னைக் காப்பாத்திக்க வேணாமா?"ன்னு கேப்பாங்க. வேணும் சாமி. எல்லா வாசல்லயும் செக் பண்ணுங்க. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு: விதிப்புத்தகம் ஒண்ணா இருக்கட்டும். எங்க வேணா சரிபாருங்க, எது சரிங்கறதை மட்டும் ஒரே இடத்துல முடிவு பண்ணுங்க. "அந்த ஒரே இடம் படுத்துட்டா எல்லாம் படுத்துருமே"ங்கறது அடுத்த சாக்கு. அதை ஒரு சர்வராத்தான் வைக்கணும்னு யார் சொன்னா? பதிப்பு எண் போட்ட ஒரு ஃபைலா எழுதி ஆளுக்கொரு பிரதி குடுங்க. ஆர்டர் எந்தப் பதிப்புல பாஸாச்சோ அந்த எண்ணை அது மேலயே ஒட்டி அனுப்புங்க. விதி நேத்து ராத்திரி மாறியிருந்தா, முந்தாநாள் வந்த ஆர்டரைப் புது விதியில ஃபெயிலாக்காதீங்க.

சட்டம் இல்லையான்னா, இருக்கு. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020. உறுதியான ஆர்டரை நாம ரத்து பண்ணினா கட்டணம் கேக்குற கம்பெனி, தானா ரத்து பண்ணும்போது அதே மாதிரி கட்டணத்தைத் தானும் ஏத்துக்கணும்னு சொல்லுது. நல்ல விதிதான். ஆனா கட்டணமே வாங்காத கம்பெனிக்கு இது எங்க வலிக்கும்? காசைத் திருப்பிக் குடுத்துட்டா கணக்கு தீந்துச்சுன்னு நினைப்பு. தங்கச்சி கல்யாணத்துக்குன்னு ஆர்டர் பண்ணின புடவை முகூர்த்தம் முடிஞ்சப்புறம் ரீஃபண்டா வந்தா அதைக் கட்டிக்கவா முடியும்?

உறுதிங்கறது வாக்கு. கடைசி வாசல் வரைக்கும் கேட்டுப் பாக்காம அந்த வார்த்தையைத் திரையில போடாதீங்க. பொருளை ஒதுக்கி வச்சுட்டு, வரி சரியான்னு பாத்துட்டு, அந்த ஊருக்குக் கூரியர் போகுமான்னு கேட்டுட்டு, அப்புறம் காசை வாங்குங்க. அதெல்லாம் முடியாதா? "ஆர்டர் வந்துச்சு, பாத்துட்டு சொல்றோம்"னு நேர்மையா ஒரு வரி போடுங்க. எங்க தெரு மளிகைக்கடை அண்ணாச்சி அப்படித்தான் சொல்வார். அவர்கிட்ட நாலு சிஸ்டம் கிடையாது, ஒரே நோட்டுதான் :-)

சரி மக்களே, ஆணி கூப்பிடுது. வர்ட்டா!