மகரந்தம் இல்லாமல் முளைக்கும் கரு: விதை யாருக்குச் சொந்தம்?

மங்குஸ்தீன் கொட்டையை நட்டால் கன்று தாய் மரத்தின் அச்சாகவே வளரும். அந்த மரம் மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே விதையை உண்டாக்கிவிடுகிறது. நெல்லுக்கு அந்தத் திறன் இல்லை. கலப்பின நெல்லில் விளைந்த மணியை அடுத்த பருவத்தில் விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது. முதல் தலைமுறையின் வீரியம் சிதறிவிடும். அதனால் விவசாயி ஒவ்வொரு பருவமும் புது விதை வாங்குகிறார். கலப்பின விதை வணிகமே இதை நம்பித்தான் நடக்கிறது.

இந்த நிலைமையை மாற்றக்கூடிய ஒரு மரபணுவை, நெதர்லாந்தின் கீஜீன் நிறுவன ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2022 ஜனவரியில் 'நேச்சர் ஜெனட்டிக்ஸ்' இதழில் வெளியிட்டது. சாலையோரக் களையான டேண்டிலியனில் கிடைத்த அதன் பெயர் 'பார்'. அது உருவாக்கும் புரதம் 'துத்தநாக விரல்' வகையைச் சேர்ந்தது. புரதச் சங்கிலியின் ஒரு பகுதியைத் துத்தநாக அணு ஒன்று மடக்கிப் பிடித்து விரல் போலாக்குகிறது. அந்த விரல் டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடத்தைப் பற்றிக்கொள்கிறது. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை இத்தகைய புரதங்கள் முடிவு செய்கின்றன.

சாதாரணச் செடியில் 'பார்' மகரந்தத்தில்தான் இயங்குகிறது. முட்டை உயிரணு தானாகக் கருவாகிவிடாதபடி ஒரு தடை இருக்கிறது. மகரந்தத்துடன் வரும் 'பார்' அந்தத் தடையை நீக்குகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. கருவுறாமல் விதை தரும் டேண்டிலியனிலோ, இடம்விட்டு இடம் தாவும் சிறு டிஎன்ஏ துண்டு ஒன்று இந்த மரபணுவின் முன்பகுதியில் செருகியிருக்கிறது. அங்கே 'பார்' முட்டை உயிரணுவிலேயே இயங்கிவிடுகிறது. மகரந்தத்திற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஹாக்வீட் செடியிலும் இதே போன்ற செருகல் உண்டு. பட்டாணியில் வென்ற மெண்டல் அடுத்து ஆராய்ந்து குழம்பிப்போனது இந்த ஹாக்வீட்டில்தான், பாவம்!

'பார்' மரபணுவை லெட்யூஸ் கீரையின் முட்டை உயிரணுவில் இயக்கியபோது, கருவுறாமலேயே கரு போன்ற அமைப்புகள் தோன்றின. ஆனால் அவற்றில் பாதிக் குரோமோசோம்களே இருந்தன. தாயின் முழு நகல் வேண்டுமானால் குரோமோசோம்கள் பாதியாகும் கட்டத்தையும் தவிர்க்க வேண்டும். நெல்லில் வேறொரு மரபணுவைக் கொண்டு இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டார்கள். 2022 டிசம்பரில் வெளியான ஆய்வில் கலப்பின நெல்லின் விதைகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் தாயின் நகல்கள்.

அப்படியானால் விவசாயி விதையை எடுத்து வைத்து மீண்டும் விதைக்கலாமா? இயற்கை விட்டாலும் சட்டம் விட வேண்டுமே. கீஜீன் இம்மரபணுவுக்குக் காப்புரிமை கோரியுள்ளது. இத்தொழில்நுட்பம் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்று 1998லேயே விஞ்ஞானிகள் பெல்லாஜியோ பிரகடனத்தில் கேட்டிருந்தார்கள். பிரகடனம் யாரையும் கட்டுப்படுத்தாது, காப்புரிமை கட்டுப்படுத்தும்.

மலேசியாவுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. நமது 2004ஆம் ஆண்டின் புதிய தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம், சிறு விவசாயிகள் பதிவு பெற்ற ரகத்தின் விதையைத் தங்கள் நிலத்தில் மீண்டும் பயிரிடவும், ஓரளவு தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளவும் இடம் தருகிறது. 2022 நவம்பரில் மலேசியாவுக்கு நடைமுறைக்கு வந்த சிபிடிபிபி வர்த்தக ஒப்பந்தமோ, யூபோவ் 1991 உடன்படிக்கையில் இணையச் சொல்கிறது. அதன்படி, விதையை எடுத்து வைக்கும் உரிமையை ஒவ்வோர் அரசும் விரும்பினால் வரம்போடு தரலாம். விவசாயிகள் பரிமாறிக்கொள்ளும் உரிமைக்கு அதில் இடமில்லை. இன்று கலப்பின விதையைச் சேமிப்பதில் பயனில்லை என்பதால் அந்த உரிமையின் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. தன்னையே நகலெடுக்கும் நெல் வயலுக்கு வரும் நாளில், அந்தச் சட்டப்பிரிவு இருக்கிறதா இல்லையா என்பதே விவசாயியின் விதைச் செலவை முடிவு செய்யும்.