கேள்விக்குறி தமிழின் குற்றமன்று

திருகோணமலையில், துறைமுகத்தை அண்டிய ஒரு கணினி வகுப்பில், "தமிழெழுத்து நிரலுக்கு ஒத்துவராது, கேள்விக்குறிதான் வரும்" என்று இன்னமும் போதிக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு போதிக்கும் பொய் இது.

யூனிகோட் தரத்தில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. 1995இல் அறிமுகமான ஜாவாவும் உள்ளுக்குள் தொடக்கம் முதலே யூனிகோட்தான். கோளாறு வாசலில் இருக்கிறது. விண்டோசில் இயங்கிய பழைய எக்லிப்ஸ் பதிப்புகள், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252 குறியாக்கத்தைத் தாமாகவே வரித்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு ஓரெழுத்துகூட இல்லை. பிள்ளைகளோ செருகுநிரல்களை அகற்றி, மீண்டும் நிறுவி, நாட்களைத் தொலைக்கிறார்கள். ‘பிரிபரன்சஸ்’, ‘ஜெனரல்’, ‘வேர்க்ஸ்பேஸ்’ என்று உட்சென்று யூடிஎஃப்-8ஐத் தெரிவுசெய்வது அரை நிமிட வேலை. ‘ரன் கொன்பிகரேஷன்ஸ்’ சாளரத்தின் ‘கொமன்’ பக்கத்திலும் அவ்வாறே. கேள்விக்குறி தெரிந்தால் குறியாக்கம் பிழை. வெற்றுப் பெட்டி தெரிந்தால் எழுத்துரு இல்லை. (பாமினியில் தட்டிய பத்தியை ஒட்டிவிட்டு, ஆங்கிலக் கோலம் கண்டு அலறுவோர் தனி வகை. பாமினிக்கு அடியில் இருப்பது ஆங்கில எழுத்தே, ஐயா!)

ஜாவாக்காரரையும் விடுவதற்கில்லை. 2017இல் ஜாவா 9 வரும்வரை, மொழிபெயர்ப்புச் சொற்களை வைக்கும் கோப்பில் ‘அ’ என்ற ஓரெழுத்தை 6 குறிகளாக உடைத்தெழுத வைத்தார்கள். யூடிஎஃப்-8ஐ இயல்பிருப்பாக்க 2022 வரை, 27 ஆண்டுகள் எடுத்தார்கள். அந்தத் தாமதத்தின் பழியைத் தமிழின் தலையில் கட்டும் வகுப்புக்கு எந்தப் பெற்றோரும் இனிக் கட்டணம் கட்ட வேண்டாம்.