பேசும் உசேனும் பேசாத ஓவியரும்

பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் ஓவியம், புகைப்படங்களுக்கான மியூசியம் ஒன்று திறக்கப்பட்டது. மறைந்த ஓவியர் எம்.எப். உசேனின் உருவத்தை அங்கே ஒளிவடிவில் நிறுத்தினார்கள். கேள்வி கேட்டால் அந்த உருவம் பதில் சொல்லும். உசேன் 2011-ல் லண்டனில் காலமானவர். அவர் சார்பில் பதில் சொல்வது கம்ப்யூட்டர்.

இந்தச் செய்தியில் நமக்கு ஒரு சங்கதி முக்கியம். உசேன் பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்தவர். 1930-களில் சாரத்தில் ஏறி சினிமா பேனர் எழுதியவர். சதுர அடிக்கு நாலணா, ஆறணா கூலி. அந்தக் கூலிக்காரர் இன்று ஒளியாக நின்று ஊரோடு பேசுகிறார். அதே தொழிலைச் செய்த நம் ஓவியர்கள் எங்கே?

கட்-அவுட் காலம்

ஒரு காலத்தில் கெம்பேகவுடா சாலைத் தியேட்டர் வாசல்களில் ராஜ்குமார் கட்-அவுட் மாடி உயரத்துக்கு நிற்கும். அவற்றை எழுதிய கைகளில் தமிழர் கைகளும் உண்டு. பிறகு பிளெக்ஸ் பேனர் வந்தது. ஆறு பேர் ஒரு வாரம் செய்த வேலையை மெஷின் ஒரே நாளில் முடித்தது. 2018 ஆகஸ்டில், ஐகோர்ட்டின் கண்டிப்புக்குப் பின், மாநகராட்சி பிளெக்சுக்குத் தடை போட்டது. ஆனால் அதற்குள் தூரிகை பிடித்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஸ்ரீராமபுரத்தில் நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் 25 ஆண்டு கட்-அவுட் எழுதியவர். இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு வாட்ச்மேன். உசேன் சங்கதியைச் சொன்னதும் அவர் கேட்டார்: "தம்பி, அந்த உருவத்துகிட்ட நான் ஒரு கேள்வி கேட்கலாமா? பேனருக்குக் கூலி பாக்கி வச்சாங்களே, அதை எப்படி வசூல் பண்ணீங்கன்னு கேட்கணும்." அவருக்கு இன்னும் வராத பாக்கி இருக்கிறது.

புதிய கலைக்கூடங்கள்

தொட்டால் நிறம் மாறும் சுவர், ஆள் நடந்தால் அசையும் படம் என்று டிஜிட்டல் கலை இப்போது ஊர் ஊராக வருகிறது. பெங்களூரில் 2024 ஜனவரியில் சயின்ஸ் கேலரி சொந்தக் கட்டிடத்தில் திறக்கப்பட்டது. விஞ்ஞானத்தையும் கலையையும் சேர்த்துக் காட்டும் இடம். நுழைவுக் கட்டணம் இல்லை. அதற்கு முன்பே 2013-ல் எம்.ஜி. ரோடு மெட்ரோ ரயில் நிலையத்தின் அடியில் ரங்கோலி கலை மையம் வந்தது. இவை நல்ல முயற்சிகள். குறை சொல்வது நம் நோக்கம் அல்ல.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். சுவரில் அசையும் மயிலைக் கம்ப்யூட்டர் அசைக்கலாம். அந்த மயிலை முதலில் ஒருவர் வரைய வேண்டும். "உள்ளூர்க் கலைஞர்களுக்கு வாய்ப்பு" என்கிறார்கள். கல்லூரியில் கலை படித்தவர் மட்டும்தானா உள்ளூர்க் கலைஞர்? போர்டு எழுதியவரும், லாரிக்குப் பின்னால் தாமரை வரைந்தவரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்களா?

ரயில்வே காட்டிய வழி

மெஷின் வந்தால் ஆள் போகத்தான் வேண்டும் என்பது விதி அல்ல. 1980-களின் நடுவில் ரயில்வே முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதுவரை பெரிய லெட்ஜர், அட்டை டிக்கெட். வேலை போய்விடும் என்று பல குமாஸ்தாக்கள் நடுங்கியதை எங்கள் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் லெட்ஜர் எழுதியவருக்கே பயிற்சி கொடுத்து மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். பேனர் ஓவியரை அப்படி யாரும் உட்கார வைக்கவில்லை. வேற்றுமை இதுதான். குமாஸ்தாவுக்கு நிர்வாகமும் சங்கமும் இருந்தன. ஓவியருக்கு இரண்டும் இல்லை.

வெளிநாட்டிலும் இதே பாடம்தான். அமெரிக்காவில் சாண்டா பே நகரில் 2016-ல் உள்ளூர்க் கலைஞர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்து, மூடிக்கிடந்த ஒரு விளையாட்டுக் கூடத்தை அதிசய வீடாக மாற்றினார்கள். 'மியாவ் உல்ப்' என்று பெயர். கூட்டம் குவிந்தது, கம்பெனி வளர்ந்தது. 2020-ல் கொரோனா வந்தபோது சுமார் 200 பேருக்கு வேலை போனது. அதே ஆண்டு ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். 2022-ல் முதல் ஊதிய ஒப்பந்தம் போட்டார்கள். அதிசய வீட்டில் வேலை செய்தாலும் சம்பளச் சீட்டு வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தை நம் ஓவியர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஒருவர் பணம் கொடுத்து ஓவியம் வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காப்புரிமையின் முதல் சொந்தக்காரர் பணம் கொடுத்தவர்தான். ஒரு தடவை கூலி வாங்கிய மயில், ஆயிரம் சுவரில் ஆடினாலும் வரைந்தவர் காசு கேட்க முடியாமல் போகலாம். ஆகவே எழுத்தில் ஒப்பந்தம் அவசியம். அதே சட்டத்தின் 57-வது பிரிவு, படைத்தவர் என்று பெயர் போடக் கேட்கும் உரிமையை ஓவியருக்குத் தருகிறது. காப்புரிமையை விற்ற பிறகும் அந்த உரிமை போகாது.

என்ன செய்யலாம்?

கலைக்கூடம் நடத்துவோர் பழைய போர்டு, பேனர் ஓவியர்களைத் தேடிப்பிடித்துப் பயிற்சி தரவேண்டும். பயிற்சி நாளுக்கும் கூலி வேண்டும். கூலி இல்லாத பயிற்சிக்கு வயிற்றுப்பாட்டுக்காரர் வரமுடியாது. விளக்கங்கள் கன்னடத்திலும், அடுத்துத் தமிழ், உருது, தெலுங்கிலும் இருக்கவேண்டும். மொழிபெயர்ப்புக்கு மத்திய அரசின் 'பாஷினி' திட்டம் 2022-லிருந்து இருக்கும்போது மொழி ஒரு தடையல்ல.

பாமர மக்கள் கலை பார்க்க வரமாட்டார்கள் என்று சொல்வோர் சித்ர சந்தைக்குப் போய்ப் பார்க்கட்டும். 2004-லிருந்து ஆண்டுதோறும் சித்ரகலா பரிஷத் நடத்தும் அந்தத் தெருச் சந்தையில் கூட்டம் லட்சக்கணக்கில் வருகிறது. டிக்கெட் இல்லை; வாசலில் "யார் நீ?" என்று கேட்பாரும் இல்லை.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. அல்சூரில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும், பேட்டைதோறும் உள்ள நம் மன்றங்களும் இந்த ஓவியர்களின் பெயரையும் தொழிலையும் ஒரு பட்டியலாக எழுதினால் நல்லது. கலைக்கூடக்காரர் "ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்ல இடம் தரக்கூடாது. தூரிகை பிடித்த கைகளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. காலம் கடந்தபின், அவர்களுக்கும் ஒளியில் உருவம் செய்து வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?