முதல் மருந்துக்கு முன் ஒரு சோதனை

நேற்றுவரை நன்றாக உழைத்தவர், சர்க்கரை நோயும் இல்லாதவர். அவருடைய இரத்தத்தில் கிருமி எவ்வாறு புகுந்தது எனக் குடும்பத்தினர் வினவுவது இயல்பே. உடல் நலிந்தோரையே இரத்தத் தொற்று பெரிதும் தாக்குகிறது. ஆயினும் நலமுடன் இருப்போரையும் அரிதாகத் தாக்கும் பாக்டீரியாக்கள் உண்டு.

மெலியாய்டோசிஸ் அத்தகைய நோய்களுள் ஒன்று. 1912-ஆம் ஆண்டில் ரங்கூனில் பணியாற்றிய விட்மோர், கிருஷ்ணசாமி என்னும் இரு மருத்துவர்கள் இதனை முதன்முதலில் விவரித்தனர். இதன் கிருமி ஈர மண்ணிலும் நீரிலும் வாழ்வது. தோலின் சிறு காயம் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உடலுள் புகுவது. தென்னிந்தியாவிலும் இந்நோய் காணப்படுகிறது, மழைக்காலத்தில் மிகுகிறது. நீரிழிவு உள்ளோருக்கே மிகுதியாக வருமெனினும், வேறு நோய் ஏதுமற்றவர்களும் இதற்கு விலக்கல்லர். காய்ச்சல், இருமல், எடைக்குறைவு ஆகியவற்றால் இது காசநோய் போலவும் தோன்றும். வழக்கமாகத் தரப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றுக்கு இக்கிருமி கட்டுப்படுவதில்லை.

எனவே கிருமி இன்னதென அறிவதே சிகிச்சையின் திறவுகோல். அதற்கு உதவுவது 'பிளட் கல்ச்சர்' என்னும் இரத்த வளர்ப்புச் சோதனை. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் இது வேண்டுமென நாங்கள் கூறவில்லை. மருத்துவர் இதனைப் பரிந்துரைக்கும்போது வீண்செலவெனத் தயங்க வேண்டா என்பதே எங்கள் கருத்து. மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் இரண்டு மாத்திரைகள், கிருமியை அழிக்காமல் சோதனையில் அது தென்படாதவாறு மட்டும் செய்துவிடக்கூடும். முடிவு வரச் சில நாள்கள் ஆகும்; அதுவரை மருத்துவர் வாளாவிருப்பதில்லை. இரத்தம் எடுத்தவுடன் மருந்தைத் தொடங்கி, முடிவு வந்தபின் தேவைக்கேற்ப மாற்றுகிறார்.

மற்றொன்றையும் வலியுறுத்த விரும்புகிறோம். மெலியாய்டோசிஸுக்குக் குறைந்தது 10 முதல் 14 நாள்கள் நரம்பு வழி ஊசி மருந்தும், அதன்பின் குறைந்தது மூன்று மாதங்கள் மாத்திரையும் தேவை. காய்ச்சல் தணிந்து, பசி திரும்பி, வேலைக்கும் செல்லத் தொடங்கிய பின்னர் மாத்திரை சுமையாகத் தோன்றும். அப்போது நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும். குணமானதாக உணர்வது வேறு, குணமாவது வேறு.

காய்ச்சலுடன் மூச்சுத்திணறல், மனக்குழப்பம், சிறுநீர் குறைதல், கைகால் சில்லிடுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். வயல்வேலை, வெள்ளநீரில் நடந்தது, ஏற்கெனவே உட்கொண்ட மாத்திரைகள் ஆகியவற்றை மறவாது கூறுங்கள். "திடமான உடல்தானே, தாங்கும்" என்று காத்திருக்க வேண்டா.