குதிரையும் எலி வளையும்

1702-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியத்தின் குதிரை, மோல் என்ற சிறு பிராணி கிளப்பிய மண்மேட்டில் இடறியது என்பார்கள். கீழே விழுந்த மன்னருக்குக் காறை எலும்பு முறிந்தது. இரண்டு வாரம் கழித்து இறந்தார். அவருடைய எதிரிகள் அந்தப் பிராணியை வாழ்த்தி மது அருந்தினார்களாம்!

கால்நடை மருத்துவராக இருந்தபோது நான் பார்த்த குதிரை சரித்திரத்தில் இல்லை. பெருச்சாளி வளையில் முன்னங்கால் இறங்கி, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. கடைசி ஊசியைப் போட்டவன் நான்தான். வளர்த்தவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டே நின்றார்.

மறுநாள் அவர் மேய்ச்சல் நிலம் முழுக்க எலிமருந்து வைத்தார். கோபம் நியாயம்தான். ஆனாலும் தப்பு என்றே இன்றும் சொல்வேன். மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகும். எலி செத்தாலும் பள்ளம் அங்கேயே இருக்கும்.

வாரம் ஒருமுறை, மழைக்குப் பிறகு கட்டாயம், நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். மாலையில் வளைகளின் வாயை மண்ணால் மூடுங்கள். காலையில் திறந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. அங்கே பொறி வையுங்கள். காலியான வளையை வெட்டித் திறந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டியாக்குங்கள். மேலாக மண் தூவி விடுவது இன்னும் ஆபத்து, பள்ளம் கண்ணுக்கே தெரியாது.

அவர் அப்புறம் குதிரை வாங்கவில்லை. அந்த நிலத்தில் இப்போது தென்னை நிற்கிறது.