செல்ஃப் பட்டனைத் தொடாதீங்க பாஸ்!

மக்களே, ஒரு குட்டிக் கேள்வி. தண்ணிக்குள்ள மூழ்கின இன்ஜின் எப்போ சாகும்? மூழ்கின நிமிஷத்துலயா, உள்ளே கிடக்கும்போதா, இல்ல வெளியே தூக்கின பிறகா?

முதல் ரெண்டுல ஏதாவது ஒண்ணைச் சொல்லியிருந்தீங்கன்னா, இந்த வாரம் உங்களுக்காகத்தான். பெரும்பாலான இன்ஜின்கள் கரைக்கு வந்த பிறகுதான் சாகுது. அதுவும் ஓனர் கையால!

நம்ம ஹீரோ இன்னைக்கு ஸ்டாண்ட்-அப் ஜெட் ஸ்கீ. பீச்ல ஜாக்கெட் மாட்டிக்கிட்டு, டிரைவர் அண்ணனோட சேர்ந்து அஞ்சு நிமிஷம் ரவுண்டு அடிப்போமே, அது உட்கார்ந்து ஓட்டுற வண்டி. இதுல சீட்டே கிடையாது. நின்னுக்கிட்டே, முன்னாடி நீளமா நிக்கிற கம்பியைப் பிடிச்சு ஓட்டணும். முதல் நாள் பத்து தடவையாவது தண்ணிக்குள்ள விழுவீங்க. கிளேட்டன் ஜேக்கப்சன்ங்கிற அமெரிக்க மோட்டோகிராஸ் ரைடரோட யோசனை இது. 1973-ல கவாசாகி இதை ஜேஎஸ்400-ங்கிற பேர்ல மார்க்கெட்டுக்குக் கொண்டு வந்தது. 'ஜெட் ஸ்கீ' உண்மையில கவாசாகியோட பிராண்ட் பேர். நாம எல்லா நகலையும் ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி, உலகமே இதை அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சிருச்சு.

இந்த வண்டிக்கு மெக்கா எதுன்னா, அமெரிக்காவோட அரிசோனா மாநில எல்லையில இருக்கிற ஹவாசு ஏரி. கொலராடோ ஆத்துல 1938-ல கட்டி முடிச்ச பார்க்கர் அணை தேக்கின தண்ணி அது. லண்டன்லேருந்து கல்லு கல்லா பிரிச்சுக் கொண்டு வந்த பழைய லண்டன் பிரிட்ஜ், 1971-லேருந்து அங்கேதான் நிக்குது! உலக ஜெட் ஸ்கீ போட்டிகள் பல வருஷம் நடந்த ஏரி. அந்தப் பக்கத்து பசங்க கூட்டமாத்தான் ரைடு போவாங்க. அதுக்கு ஸ்டைல் மட்டும் காரணம் இல்ல. ஒருத்தன் வண்டி மூழ்கினா தூக்க ஆள் வேணுமே!

மிதக்கிறதுக்காகவே செஞ்ச வண்டி எப்படி மூழ்கும்? காரணம் எல்லாமே சின்னது. டிரெயின் பிளக்கை மாட்ட மறக்கிறது, பழைய பாடியில ஒரு விரிசல், மேல்மூடியோட ரப்பர் சீல் கிழிஞ்சு போறது. இன்னொண்ணு ரொம்ப மோசம். ஜெட் பம்ப்தான் இன்ஜினை குளிர்விக்கிற தண்ணியையும் அனுப்புது. அந்த ரப்பர் குழாய் கழண்டா, பம்ப்பே வண்டிக்குள்ள தண்ணியை ரொப்பிடும். உள்ளே அடைச்சிருக்கிற ஃபோம் புதுசா இருந்தா மூக்கு மட்டுமாவது வெளியே தெரியும். ஊறிப்போன பழைய ஃபோம் காலை வாரிடும்.

சரி, மூழ்கிருச்சு. இப்ப என்ன செய்யணும்?

முதல்ல வண்டியை மறந்துட்டு தலையை எண்ணுங்க. எல்லாரும் மேலே இருக்காங்களா? லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிட்டு, மூச்சைப் பிடிச்சு, வண்டி பின்னாடியே டைவ் அடிக்கிற ஹீரோயிஸம் வேண்டவே வேண்டாம். இரும்புக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும். உங்க அம்மாவுக்கு இன்னொரு நீங்க கிடைக்க மாட்டீங்க.

அடுத்து இடத்தைக் குறிங்க. ஒரு மிதவையைக் கயித்துல கட்டிப் போடலாம். கரையில முன்னும் பின்னுமா நிக்கிற ரெண்டு அடையாளம் ஒரே கோட்டுல தெரியுதான்னு பாருங்க. வேற திசையிலயும் அதே மாதிரி ஒரு ஜோடி பிடிங்க. ரெண்டு கோடும் வெட்டுற இடம்தான் வண்டி. ஆழம்னா, பயிற்சி உள்ள டைவர் இறங்கி கயிறு கட்டுவார். காத்தடைச்ச லாரி டியூப்களும் கைகொடுக்கும். தண்ணிக்குள்ள ஒரு டியூப் 50 லிட்டர் இடத்தை அடைச்சா, கிட்டத்தட்ட 50 கிலோவைத் தூக்கும். ஒன்பதாம் கிளாஸ்ல தூங்கி வழிஞ்சீங்களே, அதே ஆர்க்கிமிடிஸ்!

மேலே வந்ததும் கயிறு கட்டி இழுக்கிறப்போ வேகம் கூடாது. நடக்கிற வேகம் போதும். வேகமா இழுத்தா, முன்னாடி சொன்ன அதே கூலிங் குழாய் வழியா தண்ணி ஏறி இன்ஜினுக்குள்ள புகுந்துடும். அந்தக் குழாயை கிளாம்ப் போட்டு இறுக்கிட்டா இன்னும் நல்லது. கரையிலயும் அவசரம் ஆகாது. யமஹா சூப்பர்ஜெட்டோட பழைய மாடல் சுமார் 140 கிலோ. உள்ளே 100 லிட்டர் தண்ணி இருந்தா இன்னொரு 100 கிலோ சேரும். அதனால கொஞ்சம் தூக்கி, வடிய விட்டு, மறுபடி தூக்கணும். முதுகு உங்களோடது!

இப்பதான் கிளைமாக்ஸ். எல்லாருக்கும் கை துறுதுறுன்னு வரும். 'ஒரு செல்ஃப் அடிச்சுப் பார்ப்போமா மச்சி?'ன்னு ஒரு குரல் கேட்கும். அந்தக் கையில ஒரு அடி போடுங்க. பெட்ரோல் ஆவியை பிஸ்டன் அமுக்கிடும். தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டர்ல தண்ணி நிக்கிறப்போ இன்ஜினைச் சுத்த வெச்சா, கனெக்டிங் ராடு வளைஞ்சே போகலாம்.

முதல் வேலை, பேட்டரியைக் கழட்டுங்க. டேங்க் பெட்ரோலை ஒரு கேன்ல வடிச்சிருங்க. ஸ்பார்க் பிளக் ரெண்டையும் எடுத்துட்டு, நாலு பேரா சேர்ந்து வண்டியைப் பழைய டயர் மேல கவிழ்த்தா உள்ளே நிக்கிற தண்ணி கொட்டும். நிமிர்த்தி, பேட்டரியைத் திரும்ப மாட்டி, பிளக் வயர்களை எர்த் பண்ணிட்டு, இப்ப சின்னச் சின்னதா செல்ஃப் அடிக்கலாம். மிச்சத் தண்ணி பிளக் ஓட்டை வழியா பீச்சி அடிக்கும். எர்த் பண்ணாம விட்டா, அந்தப் பெட்ரோல் சாரல்ல ஒரு ஸ்பார்க் போதும், தீதான்!

ஏன் இவ்வளவு அவசரம்? இது டூ-ஸ்ட்ரோக். டிவிஎஸ் 50-க்கு பங்க்ல 2டி ஆயில் ஊத்துவாங்களே, அதே கதை. 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். அந்த மெல்லிசான ஆயில் படலம்தான் உள்ளே பேரிங்குகளைக் காப்பாத்துது. தண்ணி அதைக் கழுவிடும். ஏரி அடியில ஆக்சிஜன் கம்மி, துரு மெதுவாத்தான் பிடிக்கும். வெளியே வந்து, ஈரமும் காத்தும் சேர்ந்தா சில மணி நேரத்துலயே வேலையைக் காட்டும். கடல்ல மூழ்கினதுன்னா உப்பும் சேர்ந்து சீக்கிரமே முடிச்சிடும். அதனாலதான் விவரமான மெக்கானிக்குகள், உடனே கை வைக்க முடியலைன்னா இன்ஜினை நல்ல தண்ணித் தொட்டியிலேயே முக்கி வெச்சிடுவாங்க. கேட்டா சிரிப்பு வரும், ஆனா விஷயம் சரி.

தண்ணி வடிஞ்சதும் சிலிண்டர் உள்ளே ஆயில் ஸ்ப்ரே. டபிள்யூடி-40 டப்பா தெரியும்ல? அந்த டபிள்யூடிக்கு அர்த்தமே தண்ணியை விரட்டுறதுன்னுதான். கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணி, புது பிளக், வழக்கத்தைவிட ஆயில் அதிகம் கலந்த புதுப் பெட்ரோல் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. கரையில ஹோஸ் மாட்டி ஓட்டினா, முதல்ல இன்ஜின், அப்புறம் தண்ணி. நிறுத்தும்போது முதல்ல தண்ணி, அப்புறம் இன்ஜின். மாத்திச் செஞ்சா நீங்களே அதை ரெண்டாவது தடவை மூழ்கடிப்பீங்க. உயிர் வந்ததும் நல்லா சூடேறுற வரைக்கும் ஓடட்டும். மறுநாளும் ஒரு ரவுண்டு ஓட்டணும்.

ஒரு பழைய வண்டிக்கு இவ்வளவு பாடாவானு கேக்கறீங்களா? கவாசாகி தன்னோட டூ-ஸ்ட்ரோக் 800 மாடலை 2011-லயே நிறுத்திருச்சு. யமஹா 2021-ல ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறிருச்சு. ஏரியில ஒண்ணு செத்தா, அந்தக் கணக்குல ஒண்ணு குறைஞ்சதுதான்.

'நமக்கும் ஹவாசுவுக்கும் என்ன பாஸ் சம்பந்தம்?' இருக்கே! 2015 டிசம்பர்ல சென்னை, 2023 டிசம்பர்ல சென்னையும் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். எத்தனை பைக் பார்க்கிங்லயே மூழ்குச்சு? தண்ணி வடிஞ்ச காலையில எத்தனை பேர் ஆசையா செல்ஃப் அடிச்சாங்க? உங்க பைக்குக்கும் அதே விதிதான். ஃபோர்-ஸ்ட்ரோக்ல ஆயிலையும் பாருங்க. டீ கலர்ல இருந்தா தண்ணி கலந்திருக்கு. ஆயில், ஏர் ஃபில்டர், பெட்ரோல் மூணையும் மாத்துங்க. தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கெடுத்துக்கிட்ட இன்ஜினுக்கு சாதாரண இன்சூரன்ஸ் பணம் தராதுங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

தள்ள நாலு பேர், வடிக்க ரெண்டு பேர், 'பட்டனைத் தொடாதேடா'ன்னு அதட்ட ஒருத்தர். அடுத்த மழைக்கு முன்னாடி, உங்க கேங்ல அந்த ஒருத்தர் யாருன்னு முடிவு பண்ணிருங்க!