‘வண்டி வந்தது தெரியல்ல’ என்னும் சாட்சியம்

கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஆரல்வாய்மொழியில் நம் மாவட்டத்துக்குள் நுழைந்து, தோவாளை, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளையைத் தாண்டுகின்றன. விழிஞ்ஞம் துறைமுகப் பணி தொடங்கியபின் இந்த ஓட்டம் நம் சாலைகள் தாங்கும் அளவை மீறிவிட்டது. இந்த லாரிகளின் இடப்பக்கச் சக்கரத்தில் சிக்கியவர்களுக்காக நாகர்கோவிலிலும் பத்மநாபபுரத்திலும் குழித்துறையிலும் நம்மில் பலர் இழப்பீட்டு மனு நடத்துகிறோம். கூண்டில் ஏறும் ஓட்டுநர் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: “வண்டி பக்கத்துல வந்தது தெரியல்ல.”

பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை. அந்த உண்மையை எப்படிக் கையாளுவது என்பதில்தான் மனுதாரர் தரப்பில் நாம் கோட்டை விடுகிறோம். தெரியவில்லை என்றதும் அதைத் தற்காப்பு வாதமாக எடுத்துக்கொண்டு மறுக்கப் பார்க்கிறோம். மறுக்கத் தேவையில்லை. தன் இடப்பக்கம் தனக்குத் தெரியாது என்று தெரிந்தே பல டன் எடையைத் திருப்பினேன் என்பதற்கு அவரே தரும் ஒப்புதல் அது. பனிமூட்டமோ திடீர் மழையோ போல வழியில் வந்து சேர்ந்த இடைஞ்சல் இல்லை இது. அந்த வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்த முதல் நாளிலிருந்தே ஓட்டுநருக்குத் தெரிந்த பிளைண்ட் ஸ்பாட். அறிந்த ஆபத்துக்கு ஏற்ற அளவு கவனம் வேண்டும் என்பது கவனக்குறைவுச் சட்டத்தின் பாலபாடம்.

விபத்து நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குறுகலான சந்திப்பில் இடதுபக்கம் திரும்ப வேண்டிய நீள லாரியை நேராக இடதுபுறம் ஒடிக்க முடியாது. பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்பதால், ஓட்டுநர் முதலில் வலப்பக்கம் விலக்கி, பிறகு இடதுபுறம் ஒடிப்பார். அந்த விலகலில் இடப்பக்கம் ஓர் இடைவெளி திறக்கும். பின்னால் வரும் ஸ்கூட்டர்காரர், லாரி வலப்பக்கம் போகிறது என்றோ வழி விடுகிறது என்றோ எண்ணி அதற்குள் நுழைவார். லாரியின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டவருக்கு வால் பக்க இண்டிகேட்டர் கண்ணில் படாது. அடுத்த சில நொடிகளில் அந்த இடைவெளி மூடிவிடும்.

காப்பீட்டு நிறுவனத்தின் பதிலுரையில் இது ‘இடப்பக்கமாக முந்த முயன்றார்’ என்ற ஒரே வரியாகச் சுருங்குகிறது. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளைக் காட்டி, பங்களிப்பு கவனக்குறைவு என்று முப்பது சதவீதம் கேட்பார்கள். இருபது லட்சம் இழப்பீட்டில் அது ஆறு லட்சம். கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு, பிள்ளைகளின் படிப்புச் செலவு அதோடு போய்விடும். அந்த விகிதத்தைப் பேரம் பேசிக் குறைத்ததை வெற்றியாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. அது தவறு. பங்களிப்பு கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியவர் அதைச் சொல்பவர்தான். 2013-இல் ஜிஜு குருவிளா வழக்கில், சம்பவ இட மகஜரில் வாகனங்கள் கிடந்த நிலையை மட்டும் வைத்துப் பங்களிப்பு கவனக்குறைவைத் தீர்மானிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லாரி ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருக்க, அதைக் கண்டும் ஒருவர் உள்ளே புகுந்த வழக்குகளும் உண்டு. அங்கே கழிவை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னும் பழைய துணை ஒன்று நமக்கு இருக்கிறது. 1980-இன் என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில், இரவில் ஓடிய பேருந்து தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு உயிர்கள் போயின. கம்பி இருக்கிறது என்று பயணிகள் கத்தியும் ஓட்டுநர் நிறுத்தவில்லை. குற்றவியல் நீதிமன்றம் தெய்வச் செயல் என்று சொல்லி அவரை விடுவித்தது. அந்த விடுதலை இழப்பீட்டைத் தடுக்காது என்றும், சிறு சந்தேகங்களைக் காட்டி ஓட்டுநரும் உரிமையாளரும் நழுவிவிடக் கூடாது என்றும் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். இன்று பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இல் ஓட்டுநர் விடுதலையானாலும் இதுவே நிலை. ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ்தகவின் எடை போதும் என்பதை 2009-இல் பிம்லா தேவி தீர்ப்பும் உறுதிப்படுத்தியது.

ஆனால் தீர்ப்பாயத்தின் முன் வைக்க நம்மிடம் என்ன சான்று இருக்கிறது? மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பிரேக் நன்று, விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல என்பதோடு பல அறிக்கைகள் முடிந்துவிடும். இடப்பக்கக் கண்ணாடி இருந்ததா, உடைந்து கயிற்றால் கட்டியிருந்ததா, அகலப் பார்வைக் கண்ணாடி உண்டா, கதவை ஒட்டிய தரையைக் காட்டும் கண்ணாடி உண்டா, முன்கண்ணாடியின் இடது மூலையைத் திரையும் ஸ்டிக்கரும் மறைத்தனவா, பக்கவாட்டுத் தடுப்பு கழற்றப்பட்டிருந்ததா? ஆய்வாளரைச் சாட்சியாக அழைத்து இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். முதலில் பட்ட இடம் முன்பம்பரின் இடது முனையா, பின்சக்கரமா என்பதும் முக்கியம். பின்சக்கரம் என்றால், அதற்குச் சில நொடி முன்னால் அந்த வண்டி சரியான கண்ணாடியில் தெரிந்திருக்கக் கூடியது என்று வாதிட இடம் கிடைக்கிறது. கடைகளின் சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும். துக்க வீட்டிலிருந்து கட்சிக்காரர் வரும் நாளிலேயே அதைக் கேட்டுக் கடிதம் போக வேண்டும். கனிம நடைச்சீட்டில் ஏற்றிய அளவும் புறப்பட்ட நேரமும் இருக்கும். அதையும் வரவழைக்கலாம்.

கண்ணாடி கேள்வி நம்மை ஓட்டுநரிடமிருந்து உரிமையாளரிடம் கொண்டுபோகிறது. முன்பு இடப்பக்க இருக்கையில் கிளீனர் இருந்தார். தலையை வெளியே நீட்டி ‘வரட்டும், வரட்டும்’ என்றும் ‘நிப்பாட்டு’ என்றும் சொன்னவர் அவர். கூலியை மிச்சம்பிடிக்க அவரை நிறுத்திவிட்டு, நடைக்கு இவ்வளவு என்று ஓட்டுநரை மட்டும் அனுப்பும் உரிமையாளர் வெறும் பதிலிப் பொறுப்போடு தப்பக் கூடாது. குறைபாடுள்ள வாகனத்தை ஓட்டவிடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவில் குற்றம். சாதாரணக் கவனத்தில் கண்டுபிடித்திருக்கக் கூடிய குறைபாட்டுக்கும் அது பொருந்தும். எப்படியும் காப்பீட்டு நிறுவனம்தானே கொடுக்கப்போகிறது என்று இளையவர்கள் கேட்கிறார்கள். உரிமையாளரின் தனிக் கவனக்குறைவு பதிவானால் கழிவு கேட்கும் வாதம் வலுவிழக்கும். சிறைக்குப் போகும் ஒரே ஆளாக அந்த ஓட்டுநர் நிற்பதும் மாறும். பிரிவு 164-இன் ஐந்து லட்சத்தோடு குடும்பத்தைத் திருப்திப்படுத்தி அனுப்பினால் இதில் எதுவுமே பதிவேட்டில் ஏறாது.

தொழில்நுட்பம் இல்லை என்ற சமாதானமும் இனி எடுபடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் லாரிகளுக்குப் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கைக் கருவி கட்டாயம். நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் லண்டனில், 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் ஓட்டுநரின் நேரடிப் பார்வைக்கு நட்சத்திர மதிப்பீடு பெற வேண்டும். 2024 அக்டோபர் 28 முதல் மூன்று நட்சத்திரத்துக்குக் குறைந்தவை கூடுதல் கருவிகள் இல்லாமல் ஓட முடியாது. நம் ஒன்றிய அரசும் 2025-இல் இதற்கான வரைவு விதிகளை வெளியிட்டது. அது புதிய வண்டிகளுக்கானது. களியக்காவிளைக்கு ஓடும் பழைய டாரஸ்களுக்கு ஒரு குவி கண்ணாடி பொருத்த எந்த வரைவும் தேவையில்லை.

சந்திப்பின் வடிவமைப்பே காரணமாக இருக்கும் இடங்களில் 198அ பிரிவையும் யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும். அபராதம் ஒரு லட்சம் வரைதான் என்றாலும், சாலை அமைத்தவரின் பொறுப்பைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் இடம் அது.

இடப்பக்கத் திருப்ப விபத்துகளில் நீங்கள் பெற்ற தீர்ப்புகளையும் ஆய்வாளர் அறிக்கைகளையும், கட்சிக்காரர் பெயரை மறைத்து, இதழுக்கு அனுப்புங்கள். எந்தச் சந்திப்பில் எத்தனை, எவ்வளவு கழிவு, எந்தக் காரணத்துக்காக என்று தொகுத்து வெளியிடுகிறோம். அந்தத் தொகுப்போடு, ஆய்வு அறிக்கையில் கண்ணாடிகளுக்குத் தனிப் பத்தி வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க உத்தேசித்திருக்கிறோம்.